கருவியைத் தொடும் முன் பழுதைப் படியுங்கள்

ஆய்வகத் தொழில்நுட்பர்களும் முதுநிலை மாணவர்களும் இத்தனை பேர் வந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இன்றைய பேச்சு முதலில் உங்களுக்குத்தான். துறைத் தலைவர்களுக்குச் சொல்லவேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிஎன்ஏ வரிசைப்படுத்தலைப் பற்றிப் பேச வருபவர்கள் அதனால் விளையும் நன்மைகளைப் பேசுவார்கள். பரம்பரை நோய், புற்றுநோய், கொள்ளைநோய், குற்றப் புலனாய்வு என்று அந்தப் பட்டியல் நீளும். நான் பேசப்போவது அந்தக் கருவி பழுதாகி நிற்கும் காலைப்பொழுதைப் பற்றி. திரையில் சிவப்பு எழுத்து. தட்டில் நோயாளிகளின் மாதிரிகள். சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட்டால் இந்த வாரம் வர முடியாது என்கிறார். அந்த நேரத்தில் கருவிக்கு முன்னால் நிற்பவர் முதல் அரைமணியில் செய்வதைப் பொறுத்துத்தான் நஷ்டம் சில நூறு ரூபாயோடு நிற்கும், அல்லது சில லட்சத்துக்கு ஏறும்.

1977ல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கரும் அவருடைய குழுவினரும் ஃபை-எக்ஸ் 174 என்ற வைரஸின் டிஎன்ஏவை முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 5,400 எழுத்துகள். அந்த ஆண்டு முடிவதற்குள் சங்கிலி முறிப்பு முறையையும் வெளியிட்டார்கள். அதற்காக 1980ல் சாங்கருக்கு இரண்டாவது நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஜெல் வார்த்து, கதிரியக்கம் ஏற்றிய டிஎன்ஏவை அதில் ஓடவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் பதிந்த பட்டைகளைக் கண்ணால் படிப்பார்கள். எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரிந்தது. ஜெல் கிழிந்திருக்கும், நடுவில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கும், பட்டைகள் கோணிக்கொண்டு போகும். இன்றைக்கு எல்லாம் மூடிய பெட்டிக்குள் நடக்கிறது. பெட்டி ஒவ்வொரு நொடியும் குறிப்பெழுதி வைக்கிறது என்றாலும், எடுத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு.

நம் மருத்துவக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தடய அறிவியல் கூடங்களிலும் நீங்கள் மிகுதியாகப் பார்ப்பது கேபிலரி வகைக் கருவி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிலிக்காவால் ஆன நுண்குழாய். உள்துளையின் விட்டம் 50 மைக்ரான். அதற்குள் பாலிமர் என்ற பிசுபிசுப்பான திரவம் நிரப்பப்படுகிறது. குழாய்கள் 60 டிகிரி வெப்பத்தில் இருக்கும்; ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 8,000 வோல்ட், சில ரன்களில் 15,000 வோல்ட் வரை செலுத்தப்படும். டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே அதன் துண்டுகள் நேர்மின்வாயை நோக்கி ஓடும். குட்டையானது முந்தும், நீண்டது பிந்தும். வழியில் ஒரு சாளரம். அங்கே லேசர் பட்டு ஒவ்வொரு துண்டின் நிறமியும் ஒளிர, கேமரா நிறத்தைப் பதிவு செய்கிறது. நான்கு நிறம், நான்கு எழுத்து.

இதில் மிகப் பெரிய சேதம் எது என்று கேட்டால் மின்பொறி என்பேன். அத்தனை வோல்ட்டுக்கும் பாதை அந்தப் பாலிமரும் பஃபரும்தான். பாலிமரைக் கேபிலரிக்குள் அனுப்பும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கட்டை ஒன்று இருக்கிறதே, பாலிமர் பிளாக் என்போம், அதற்குள் ஒரு காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? காற்று மின்சாரத்தைக் கடத்தாது. மின்னழுத்தம் முழுவதும் குமிழியின் இரு கரைகளுக்கிடையே வந்து நிற்கும். ஓர் அளவுக்கு மேல் காற்றுத் தாங்காது, பொறி பாயும். வானத்தில் மின்னல் பாய்வதும் இதே காரணத்தால்தான். பொறி பாய்ந்த தடத்தில் பிளாஸ்டிக் கருகி மெல்லிய கரிக்கோடு படியும். கரி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எனவே அடுத்த ரன்னில் பொறி முன்பு போன தடத்திலேயே இன்னும் எளிதாகப் போகும். கரி படிந்த பிளாக்கை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, மாற்றித்தான் ஆகவேண்டும்.

குமிழி மட்டும் காரணமல்ல. பஃபர் ஜாடியின் விளிம்பில் சிந்திக் காய்ந்த உப்பு, தட்டை மூடும் ரப்பர் செப்டாவின் மேல் நின்ற ஈரம், அடர்ந்த பஃபரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யாமல் அப்படியே ஊற்றிவிடுவது, இவையும் பொறியை வரவழைக்கும். கருவி தானாக ரன்னை நிறுத்திவிட்டு, ஆர்க் ஏற்பட்டது என்று திரையில் எழுதிக் காட்டும். அங்கேதான் நம்மவர்கள், ‘இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போமே’ என்பார்கள். ஆய்வகத்தில் பேசப்படும் வார்த்தைகளில் இவ்வளவு செலவு வைப்பது வேறில்லை. முதல் பொறியில் ஒரு துளி உப்பைத் துடைத்தால் தீர்ந்திருக்கவேண்டியது, மூன்றாவது பொறியில் பிளாக்கையும் கேபிலரி வரிசையையும் சேர்த்துக் கேட்கும்.

பொறி வந்தால் நிறுத்துங்கள். பிழைச் செய்தியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டப் பதிவைத் தனியே சேமியுங்கள். கதவுப் பூட்டு விடுபட்ட பிறகு டார்ச் அடித்து பிளாக்கின் ஒவ்வொரு கால்வாயையும் பாருங்கள். குமிழி தெரிகிறதா? பழுப்பாக ஒரு கோடு தெரிகிறதா? இணைப்பு நட்டுகளைச் சுற்றி வெண்மையாகப் படிகம் பூத்திருக்கிறதா? படிகம் இருந்தால் அங்கே பாலிமர் கசிகிறது என்று பொருள். குமிழி மட்டும் என்றால் அதை வெளியேற்றி, புது பஃபர் ஊற்றி, ஜாடியின் வாயைத் துடைத்து உலர்த்தி, மாதிரி வைக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். பழுப்புக் கோடு தெரிந்தால் அன்றைய வேலை முடிந்தது, உதிரிபாகத்துக்கு எழுதுங்கள். கதவு திறந்திருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசையை ஏமாற்றி, ‘ஓடும்போதே பார்த்துவிடலாம்’ என்று எவராவது சொன்னால் அவரைக் கருவியிடம் விடாதீர்கள். உள்ளே உயர் மின்னழுத்தமும் லேசரும் இருக்கின்றன.

மின்னோட்டப் பதிவு என்றேனே, அதை யாரும் திறப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். நல்ல ரன்னில் அந்தக் கோடு தொடக்கத்தில் சற்று மாறி, பிறகு ஒரே மட்டத்தில் போகும். ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் எங்கோ சிறு குமிழி அலைகிறது. திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் பாதை அறுந்துவிட்டது; பெரிய குமிழி அல்லது பஃபர் தீர்ந்துவிட்டது. வழக்கமான மட்டத்துக்கு மேலேயே நின்றால் பஃபரின் அடர்த்தியைச் சந்தேகிக்கவேண்டும். இவ்வளவையும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தளர்த்தாமல் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த கேள்வி: எத்தனை கேபிலரியில் கோளாறு? நான் எங்கே போனாலும் முதலில் இதைத்தான் கேட்பேன். எல்லாக் கேபிலரியிலும் ஒளி ஒன்றுபோல மங்கியிருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் குறை: லேசர், கேமரா, பாலிமர், பஃபர், அல்லது அன்று எல்லாக் குழிகளுக்கும் சேர்த்துத் தயாரித்த வினைக்கலவை. ஆர்கான் லேசர் கொண்ட பழைய கருவிகளில் லேசர் மெல்ல மெல்ல மூப்படையும்; மாதக்கணக்கில் சிக்னல் இறங்கிக்கொண்டே வரும். நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று சரிந்தால் மூப்பின் மீது பழி போடாதீர்கள். ஒரே ஒரு கேபிலரி மட்டும் கெட்டிருந்தால் குறை அந்தக் குழாயிலோ அந்தக் குழியிலோ இருக்கிறது. இரண்டில் எது? அதே மாதிரியை வேறு குழிக்கு மாற்றி, நன்றாக ஓடிய மாதிரியைப் பழைய குழியில் வைத்து ஓட்டுங்கள். குறை மாதிரியோடு சேர்ந்து இடம் மாறினால் கேபிலரி நல்லது. குறை அங்கேயே நின்றால் குழாய் அடைத்திருக்கிறது, முனை உடைந்திருக்கிறது, அல்லது சாளரத்தில் தூசு இருக்கிறது.

சாளரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கேபிலரிக்கு வெளியே பாலிஇமைடு என்ற பூச்சு உண்டு. அதனால்தான் அது வளைந்து கொடுக்கிறது. ஒளி புகவேண்டும் என்பதற்காகச் சாளரப் பகுதியில் அந்தப் பூச்சை நீக்கியிருப்பார்கள். அங்கே அது வெறும் கண்ணாடி இழை. விரல் பட்டாலே போதும், ஒடியலாம். ஒடியாவிட்டாலும் விரல்ரேகையில் உள்ள எண்ணெய் லேசரில் ஒளிரும், அடிக்கோடு உயர்ந்துவிடும். கேபிலரியின் முனைக்கு வேறொரு ஆபத்து. அது எப்போதும் நீரிலோ பஃபரிலோ நனைந்தபடி இருக்கவேண்டும். நீண்ட விடுமுறையில் ஜாடி வற்றிப்போனால் பாலிமர் துளைக்குள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். சில சமயம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் மீளும். பல சமயம் மீளாது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் ஜாடியில் பஃபர் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று பலகையில் பெயர் எழுதி வையுங்கள்.

கருவி கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் பல வேளைகளில் கருவி கெடவே இல்லை. அதை உறுதி செய்ய இரண்டு கட்டுப்பாட்டு மாதிரிகள் கையில் இருக்கவேண்டும். ஒன்று, வினை முடித்து ஆயத்தமாக விற்கப்படும் தரமாதிரி. கரைத்து ஏற்றினால் போதும். அது நன்றாக ஓடினால் கருவி நலம். இரண்டாவது, வினைக் கிட்டோடு வரும் பிஜெம் என்ற டிஎன்ஏ. அதை நீங்களே உங்கள் பிப்பெட்டால், உங்கள் பிசிஆர் கருவியில் வினைப்படுத்தி ஏற்றவேண்டும். முதலாவது ஓடி இரண்டாவது தோற்றால் குறை வினையில் அல்லது சுத்திகரிப்பில். இரண்டும் ஓடி உங்கள் மாதிரி மட்டும் தோற்றால், மாதிரியைப் பாருங்கள். டிஎன்ஏ அதிகமாகப் போட்டால் தொடக்கத்தில் மலைபோல் சிகரங்கள் எழுந்து சீக்கிரமே மடிந்துவிடும். உப்பு தங்கினால் ஊசியேற்றம் குறையும். ஒட்டாமல் மிஞ்சிய நிறமி கழுவப்படாவிட்டால் முன்பகுதியில் அகன்ற கறையாகத் தெரியும். இந்த இரண்டு சோதனைகளும் ஒரே பகலில் முடிந்துவிடும். இவற்றைச் செய்யாமல் இன்ஜினியரை வரவழைத்துக் காத்திருக்கும் ஆய்வகங்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது, ஏனென்றால் அந்த நாட்களில் காத்திருப்பது நோயாளிகளும்தான்.

இன்னொன்று: ரன் நின்றுவிட்டது என்றவுடன் தட்டைக் குப்பையில் போடுகிறார்கள். போடாதீர்கள். கருவி ஒவ்வொரு குழியிலிருந்தும் மின்விசையால் உறிஞ்சிக்கொள்வது மிகச் சிறிய பங்கு. மிச்சம் குழியிலேயே இருக்கிறது. நிறமிகளுக்கு வெளிச்சம் ஆகாது. மூடி, இருட்டில், குளிரில் வைத்தால் கருவி சரியான பிறகு மறுபடியும் ஏற்றலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம். பதினாறு கேபிலரிக் கருவி. ஓரத்தில் அடுத்தடுத்து இரண்டு கேபிலரிகளில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. பாலிமரை மாற்றினார்கள், பஃபரை மாற்றினார்கள், புதுக் கிட் வாங்கினார்கள். நான் போனபோது அந்த வரிசையையே மாற்றிவிட முடிவு செய்திருந்தார்கள். முனைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். இரண்டு ஊசிகள் வளைந்திருந்தன. தட்டைப் பிடித்துக்கொள்ளும் மேல்சட்டத்தின் துளைகளும் செப்டாவின் துளைகளும் நேராகப் பொருந்தாமல், கிளிப்பும் சரியாக விழாமல் யாரோ தட்டை வைத்திருக்கிறார்கள். ஊசி துளையில் இறங்காமல் சட்டத்தில் மோதி வளைந்துவிட்டது. வளைந்த ஊசி திரவத்தைத் தொடவில்லை; தொடாதபோது டிஎன்ஏ எப்படி ஏறும்?

அன்று மாலை ஆராய்ச்சி மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். “சார், அன்னைக்கே டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு” என்றார்.

“ஏம்மா அப்பவே சொல்லல?”

“சொன்னா ஸ்டைபெண்டுல பிடிச்சுடுவாங்கன்னு பயந்துட்டேன் சார். முன்னாடி ஒருத்தருக்கு அப்படித்தான் பிடிச்சாங்க.”

அந்த ஒரு வாக்கியம் அவர்கள் வாங்கிய எல்லா வேதிப்பொருள்களையும்விட விலை மதிப்புள்ளது. அது முதல் நாளே கிடைத்திருந்தால் அத்தனை செலவும் மிச்சமாகியிருக்கும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. உண்மை சொல்ல வழியில்லாத இடத்தில் மௌனமாக இருந்தார்.

இனி அறையைப் பற்றி. இத்தகைய கருவிகளுக்கு அறை வெப்பம் 15 முதல் 30 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 80 விழுக்காடு என்று கையேட்டில் இருக்கும். நீர் துளிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். கடற்கரை ஊர்களில் இரவு ஏசியை நிறுத்தினால் ஈரக்காற்று உள்ளே நிறையும். குளிர்ந்த பரப்பில் எல்லாம் நீர் படியும். செப்டாவில் நின்ற ஈரம் பொறிக்கு வழி என்று சற்றுமுன் சொன்னேன். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த ஏசியை நிறுத்தச் சொல்லும் நிர்வாகத்துக்கு இதை எழுத்தில் தெரிவியுங்கள். எர்த்திங்கை ஆண்டுதோறும் அளக்கச் சொல்லுங்கள். யுபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று, மின்சாரம் இருக்கும் நாளிலேயே, கருவி ஓடாத நேரத்தில் சோதித்துக் குறித்துவையுங்கள். எலி கடித்த வயரையும் மறந்துவிடாதீர்கள்.

புதிய தலைமுறைக் கருவிகளும் பெருகிவிட்டன. கொரோனா காலத்தில், 2021ல், சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் மாநில அரசே வரிசைப்படுத்தும் கூடம் தொடங்கியது நமக்குத் தெரியும். இலுமினா வகையில் பழுது பெரும்பாலும் நீர்வழியில்தான் தொடங்குகிறது. ரன் முடிந்ததும் கழுவும் சுற்றைத் தள்ளிப்போட்டால் நுண்ணிய குழாய்களில் உப்பு படிந்து அடைக்கும். ஃப்ளோ செல்லின் கண்ணாடியில் ஒரு தூசு இருந்தால் குவியம் தவறும். அதே மேசையில் சென்ட்ரிஃபியூஜ் சுழன்றால் படம் அதிரும். சந்தேகம் வந்தால் ஃபை-எக்ஸ் கட்டுப்பாட்டு நூலகத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சாங்கர் 1977ல் படித்த அதே வைரஸின் டிஎன்ஏதான் இன்றும் கருவியின் நலம் அறியப் பயன்படுகிறது. எழுத்துக்கு எழுத்து தெரிந்த வரிசை என்பதால் கருவி எங்கே தவறுகிறது என்று உடனே தெரியும். நானோபோர் வகையில் குமிழிதான் மறுபடியும் எதிரி. மாதிரி ஏற்றும்போது ஒரு குமிழி நுண்துளைகள் பதிந்த சவ்வின் மேல் போனால் அந்தத் துளைகள் மீளாமல் போகும். பிப்பெட்டின் நுனியில் காற்று இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே அழுத்துங்கள்.

கருவியைவிட மாதிரிதான் பெரிது, கருவியைப் பணம் கொடுத்து வாங்கலாம் என்பதால் உறைபெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020 செப்டம்பரில் அமெரிக்காவில் ட்ராய் நகரின் ரென்சலர் பாலிடெக்னிக் நிறுவனத்தில், ஆய்வகம் ஒன்றின் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி எச்சரிக்கை ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. பழுதுபார்ப்பவர் வருவதற்குக் கொரோனாக் கட்டுப்பாடுகளால் தாமதம். மின்செருகிக்குப் பூட்டுப் பெட்டி போட்டிருந்தார்கள். ஒலி ஏன் வருகிறது, எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று காகிதத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். இருந்தும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் மின்பலகையில் சர்க்யூட் பிரேக்கரை அணைத்துவிட்டார். வெப்பநிலை மைனஸ் 32க்கு ஏறியது. 20 ஆண்டுக்கும் மேலான ஆராய்ச்சி அழிந்தது என்று கூறி நிறுவனம் 2023ல் துப்புரவு நிறுவனத்தின் மீது பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்டு வழக்குத் தொடுத்தது. செய்தித்தாள்கள் அந்தப் பணியாளரைப் பற்றித்தான் பேசின. பிரேக்கரைத் தாம் போட்டுவிட்டதாகவே அவர் நம்பினார். உதவி செய்ய நினைத்திருக்கிறார். எனக்குத் தோன்றுவது இது: கெட்டுப்போன பெட்டியிலிருந்து மாதிரிகளை வேறு பெட்டிக்கு மாற்ற இடம் இருந்ததா, ஒலி கேட்டால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று அவருக்கு யாராவது நேரில் சொல்லிக் கொடுத்தார்களா என்பதைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும். நம் ஆய்வகங்களில் இரவுக் காவலருக்கும் துப்புரவு அம்மாவுக்கும் இதைத் தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

துறைத் தலைவர்களே, இப்போது உங்களிடம் கேட்கிறேன். ஒரு கேபிலரி வரிசைக்குச் சில லட்சம் கொடுக்கிறோம். ஏஎம்சி என்ற பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்கிறோம். கருவியை நாள்தோறும் தொடும் தொழில்நுட்பரைப் பயிற்சிக்கு அனுப்பப் பணம் இல்லை என்கிறோம். அவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது அனுப்புங்கள். இன்ஜினியர் வரும் நாளில் தொழில்நுட்பர் பக்கத்திலேயே நின்று பார்க்கட்டும்; அவருக்கு வேறு வேலை எதுவும் தராதீர்கள். லாக் புக்கில் ரன் எண், யார் வைத்தார், மின்னோட்டம், லேசர் அளவு, அறை ஈரப்பதம் ஆகியவற்றோடு, ‘வழக்கத்துக்கு மாறாக ஏதாவது பார்த்தீர்களா, கேட்டீர்களா’ என்று ஒரு கட்டமும் இருக்கட்டும். அந்தக் கட்டத்தில் எழுதியதற்காக யாரும் தண்டிக்கப்படமாட்டார்கள் என்று உங்கள் கையெழுத்தோடு முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். சேதத்துக்காக மாணவர்களின் உதவித்தொகையில் பிடிக்கும் வழக்கம் உங்கள் துறையில் இருந்தால், இந்த மாதமே அதை நிறுத்துங்கள்.